சட்டைப் பையில் இருக்கட்டும்!

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. அவருடைய ரயில்வே பென்ஷன் ஏ.டி.எம். கார்டு தம்பியிடம். மருந்துக்குக் கேட்டால் 'பேலன்ஸ் இல்லை' என்கிறான். இப்போது வீட்டையும் எழுதித் தரச் சொல்கிறான். தட்டிக்கேட்டால், 'அக்கா சொத்துக்கு அலையுது' என்கிறான். என்ன செய்வது?
- ஒரு வாசகி, பொன்மலை.

பதில்: தம்பிக்கு நவம்பரில் மட்டும் பாசம் பொங்குமே, கவனித்தீர்களா? உயிர்வாழ் சான்று கொடுக்கிற மாதம் அது!

முதலில் அப்பாவிடம் தனியாகப் பேசுங்கள். பணம் அவருடையது, முடிவும் அவருடையதே. சம்மதித்தால் வங்கிக்கு அழைத்துப்போய்ப் பழைய கார்டை முடக்கி, புதிது வாங்குங்கள். பணம் எடுத்தால் எஸ்.எம்.எஸ். அவர் போனுக்கே வரட்டும். அதன்பின் தம்பி சொன்ன 'பேலன்ஸ் இல்லை'யை, தம்பியிடம் மெஷினே சொல்லும்.

வீடு? அவசரமே வேண்டாம். எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், 'கடைசிவரை பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். அதை மீறினால், 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவில் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோரலாம். மனுவைக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும். மாதாமாதம் பராமரிப்புத் தொகையும் அங்கேயே கேட்கலாம். ஆலோசனைக்கு முதியோர் உதவி எண் 14567.

சொத்துக்கு அலைகிறீர்கள் என்ற பழிக்கு ஒரே மருந்துதான்: புதிய கார்டை உங்கள் கைப்பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அப்பாவின் சட்டைப் பையில் இருக்கட்டும். இல்லையென்றால், அடுத்த இதழில் உங்கள் தம்பியின் கேள்விக்கு நான் பதில் எழுத வேண்டியிருக்கும்!