220 கட்டில்களின் மகிமை

பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் புதுக் கட்டடமும், தமிழ்நாட்டின் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளும் 2022 ஜனவரி 12 அன்று ஒரே காணொலி விழாவில் பிரதமரால் திறந்துவைக்கப்பட்ட வைபவத்தை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க நியாயமில்லை. கல்லூரியைத் திறந்துவைக்க நாடா போதும். ஆசிரியரைத் திறந்துவைக்கவோ விதி வேண்டும், விதிக்குத் திருத்தம் வேண்டும், திருத்தத்துக்கு ஒரு வழக்கும் வேண்டும்.

உடற்கூறியல், உடலியங்கியல் ஆகிய சாஸ்திரங்களை எம்.எஸ்சி., பிஎச்.டி. பட்டங்களோடு போதித்துவந்த, மருத்துவரல்லாத ஆசிரியர்களுக்குரிய 30 சதவீத இடம் 2020-இல் 15 சதவீதமாகச் சுருங்க, அவர்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தின் படியேறினர். 2025-இல் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த விதிகளோ, மூடிய கதவை முன்னைவிடச் சற்று அகலமாகவே திறந்தன. அவ்வைந்தாண்டுக் காலத்திலும் மனித சரீரம், வழக்கின் முடிவுக்குக் காத்திராமல், 206 எலும்புகளுடனேயே நடமாடிக்கொண்டிருந்தது என்பது ஆச்சரியமே.

அதே விதிகளில் இன்னொரு ரசமான அம்சமும் உண்டு. 220 கட்டில்களுக்குக் குறையாத அரசு மருத்துவமனையில் பத்தாண்டு பணிபுரிந்த நிபுணர், அதுவரை ஒரு மாணவனுக்கும் பாடம் சொல்லாதிருப்பினும், இணைப் பேராசிரியராகும் யோக்கியதை பெறுகிறார். ஞானம் கட்டில்களின் எண்ணிக்கையால் பக்குவமடைவது போலும். 219 கட்டில்களோடு நின்றுவிட்ட ஆஸ்பத்திரியின் நிபுணர் முதலில் நாடவேண்டியது வக்கீலையா, கட்டில் வியாபாரியையா என்பதை மட்டும் தேசிய மருத்துவ ஆணையம் தெளிவுபடுத்தவில்லை.