நூறு வாட் குடும்பத் தலைவர்

பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் மூன்று மார்க்கில் கோட்டை விட்டவன் நான். நாற்பது வருஷம் கழித்து அதே மூன்று, கரண்ட் பில்லில் என்னைத் தேடிக்கொண்டு வந்தது. கார்த்திகைக் கடைசியில் எடுத்த ரீடிங்: இரண்டு மாதத்துக்கு 503 யூனிட்.

"மூணு யூனிட்தானே, போனாப் போகுது" என்பவர்கள் கட்டணத்தின் சூட்சுமம் தெரியாதவர்கள். அப்போதைய கட்டணப்படி தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500-க்குள் நல்ல பிள்ளையாக இருந்தால் அடுத்த 100 யூனிட்டும் சல்லிசு. 500-ஐத் தாண்டினால் அந்தச் சல்லிசு பறிபோய், 101-ஆவது யூனிட்டிலிருந்தே விலை ஏறிவிடும். ஆக, அந்த மூன்று யூனிட்டுக்கு நான் அழுத தண்டம் இருநூறு ரூபாய்க்கு மேல்.

"இந்த வீட்டுல ஒரு கரண்ட் திருடன் இருக்கான். கண்டுபிடிக்காம விடமாட்டேன்" என்று நடுக்கூடத்தில் நின்று முழங்கினேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "தேடுங்க. அதுக்கு முன்னாடி மோட்டாரைப் போட்டுட்டு வாங்க. போட்டா நிறுத்தவும் செய்யணும்" என்றாள்.

விசாரணைக்கு நான் வைத்திருந்த கொள்கை ஒன்றே ஒன்று: எவன் அதிகம் சத்தம் போடுகிறானோ அவன்தான் அதிகம் தின்கிறான். அந்தக் கொள்கைப்படி முதல் குற்றவாளி கிரைண்டர். ஞாயிற்றுக்கிழமை அது சுற்ற ஆரம்பித்தால் பக்கத்துத் தெரு நாய்கூட எழுந்து உட்காரும். குனிந்து, அதன் வயிற்றில் ஒட்டியிருந்த தகட்டைத் துடைத்துப் படித்தேன். 150 வாட்.

பிளஸ் டூ இயற்பியல் படிக்கும் மகள் நோட்டோடு வந்தாள். "நாப்பது நிமிஷம் ஓடினா யூனிட்டுல பத்துல ஒரு பங்குப்பா. பத்து ஞாயிறு மாவாட்டினாதான் ஒரு யூனிட்." கிரைண்டர் விடுதலை.

அடுத்து மிக்ஸி. அலறலில் கிரைண்டருக்கு அண்ணன். 750 வாட்தான், ஆனால் சட்னிக்கு ஓடுவது இரண்டு நிமிஷம். நாற்பது சட்னிக்கு ஒரு யூனிட். அதுவும் விடுதலை.

மூன்றாவது, மகளுடைய செல்போன். சார்ஜரைப் பார்க்கும்போதெல்லாம் பிடுங்கிப் போடுவதை ஒரு தேசத் தொண்டாகவே செய்துவந்தேன். "ஒரு தடவை முழுசா ஏத்தினா ஏறக்குறைய இருபது வாட் மணி. சார்ஜர் சூடாகி வீணாகிறதையும் சேர்த்தா ஒரு யூனிட்டுக்கு நாப்பது தடவை ஏத்தலாம். தினமும் ஒரு தடவைன்னாலும் வருஷத்துக்கு ஒன்பது யூனிட்" என்றாள். தொண்டு செய்த கை சும்மா தொங்கியது.

"அப்பா, சத்தமே போடாதவங்களையும் கொஞ்சம் விசாரிக்கலாமே" என்று என் அறைக்கே வழிகாட்டினாள்.

அங்கே நான் இரண்டாம் நம்பரில் வைத்து மிச்சம்பிடித்துவந்த மின்விசிறி. சுவரில் அதன் ரெகுலேட்டர், தாத்தா காலத்துப் பெட்டி. மகள் அதைத் தொடச் சொன்னாள். சுட்டது. விசிறியின் வேகத்தைக் குறைத்து நான் சேமித்ததாக நினைத்த மின்சாரத்தில் ஒரு நல்ல பங்கு அந்தப் பெட்டிக்குள் கம்பிச்சுருளைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. காற்றும் இல்லை, காசும் பெரிதாக மிச்சமில்லை. வருஷக்கணக்காக வேர்த்ததுதான் மிச்சம்.

போன அக்னி நட்சத்திரத்தில் நான் ஃபிரிட்ஜைத் திறந்துபோட்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்த பழைய வழக்கையும் அவள் தூசி தட்டினாள். ஃபிரிட்ஜ் குளிரை உற்பத்தி செய்வதில்லையாம். உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து முதுகுப் பக்கம் தள்ளுகிறது. தள்ளுவதற்குத் தின்கிற மின்சாரமும் சூடாகி அதே முதுகு வழியாக வெளியே வருகிறது. கதவைத் திறந்துவைத்தால் முகத்துக்குக் குளிர், அறைக்கு மொத்தத்தில் சூடு. நான் உட்கார்ந்திருந்த அன்று அறை ஏன் அடுப்பங்கரையாயிற்று என்பதற்கு இப்போதுதான் விளக்கம் கிடைத்தது.

கடைசியாகக் குளியலறை. மேலே, மூலையில், வாயே திறக்காமல், சிவப்புப் பொட்டு மட்டும் வைத்துக்கொண்டு பதிவிரதைபோலத் தொங்கியது கீசர். 2000 வாட்.

"பதினஞ்சு லிட்டர் தண்ணியை முப்பது டிகிரி சூடேத்த அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. ரெண்டு மாசத்துக்கு அறுபது யூனிட்டைத் தாண்டுது. இந்த வீட்டுல ரெண்டு வேளை வெந்நீர்ல குளிக்கிறது யாருப்பா?"

பதில் எல்லோருக்கும் தெரிந்ததால் யாரும் சொல்லவில்லை.

"பதினஞ்சு லிட்டருக்கா இவ்வளவு? மோட்டார் ஆயிரம் லிட்டர் ஏத்துதே!" என்று பேச்சை மாற்றிப் பார்த்தேன். அதுவும் வினையாயிற்று. தண்ணீரைத் தூக்குவதற்கு ஆகும் ஆற்றல் அற்பம், சூடாக்குவதற்குத்தான் எக்கச்சக்கம் என்று அவள் கணக்குப் போட்டாள். என் ஒரு குளியலுக்கான சூட்டை இம்மியும் வீணாக்காமல் தூக்கும் வேலைக்குத் திருப்பினால், ஆயிரம் லிட்டர் தண்ணீரை 190 மீட்டர் உயரத்துக்கு ஏற்றலாம். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி. அதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நான் சோப்புப் போட்டு முதுகு தேய்த்துக்கொண்டே ராஜராஜனின் விமானத்துக்கு மேல் இன்னும் இரண்டு விமானம் கட்டி, உச்சியில் ஆயிரம் லிட்டர் தண்ணீரைத் தினம் இருமுறை நிறுத்தியிருக்கிறேன்.

இதையெல்லாம் சோதித்துக் காட்டியவர் மான்செஸ்டர் பக்கத்து பீர் ஆலைக் குடும்பத்துப் பிள்ளை, ஜேம்ஸ் ஜூல். 1840-களில், எடைக்கல்லைக் கயிற்றில் கட்டி இறங்கவிட்டு, அதனால் சுழலும் துடுப்பால் தண்ணீரைக் கலக்கி, எவ்வளவு கலக்கினால் எவ்வளவு சூடு ஏறுகிறது என்று அளந்தார். நிறையக் கலக்கினால்தான் துளி சூடு ஏறும் என்று தெரிந்தது. அவர் பெயரையே ஆற்றலின் அலகுக்கு வைத்தார்கள். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். "நானும் இருபத்திரண்டு வருஷமாச் சாம்பார் கலக்குறேன்" என்றாள் மனைவி.

மகள் விடவில்லை. "சும்மா உக்காந்திருக்கிற மனுஷன்கூட நூறு வாட் அளவுக்குச் சூட்டை வெளியே விடுறான்பா. பழைய குண்டு பல்பு மாதிரி."

எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. "வெளிச்சம் மட்டும் வராது" என்றாள் மனைவி.

"ஒரு நாளைக்கு இவரை எரியவைக்க எத்தனை யூனிட்டும்மா?"

"ரெண்டே காலுக்கு மேல. எல்லாம் இட்லி, சோத்துலருந்து வர்ற வேதி ஆற்றல்."

"இதுக்கும் முதல் நூறு யூனிட் இலவசம் உண்டான்னு கேட்டுச் சொல்லு."

ரோஷம் வந்துவிட்டது. மார்கழி முதல் தேதி கீசருக்கு ஓய்வு கொடுத்தேன். விடிகாலைப் பச்சைத் தண்ணீர் தலையில் விழுந்தபோது என் வாயிலிருந்து கிளம்பிய ஒலி ஆற்றலில் கோயில் ஒலிபெருக்கி ஒருகணம் நின்றதாகச் சொன்னார்கள். மூன்று நாள் தும்மினேன். நான்காம் நாள் ஓர் அதிசயம். வாளித் தண்ணீர் அவ்வளவாகக் குளிரவில்லை. ஐந்தாம் நாள் இதமாகவே இருந்தது. உடம்பு பழகிவிட்டது, தவம் பலித்துவிட்டது என்று பூரித்துப்போனேன். நடைப்பயிற்சி நண்பர்களிடம், "எல்லாம் மனசுலதான் சார் இருக்கு" என்று தினமும் அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன். இருவர் என்னைப் பார்த்துப் பச்சைத் தண்ணீருக்கு மாறி, நடைப்பயிற்சிக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த ரீடிங் 441. பில்லை வெற்றிக்கொடியாக ஆட்டிக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போனேன். மனைவி காலி சிலிண்டரை உருட்டி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தடவை ஒரு வாரம் முன்னாடியே தீர்ந்துபோச்சு."

"ஏன்?"

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் அடி கறுத்துப்போன பெரிய அலுமினியப் போணி ஒன்று கவிழ்ந்திருந்தது. நான் எழுந்திருக்கும் முன் குளியலறையில் வாளி ரொப்பிவைப்பது யார், சாயங்காலம் ரொப்பிவைப்பது யார் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"இந்த ஆள் மூணு நாள் தும்மின தும்மலுக்குக் கஷாயம் காய்ச்சுறதைவிட இது சிக்கனம்" என்று போணியைத் தேய்க்கப் போட்டாள்.

"ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றத்தான் முடியும்" என்று கூடத்தில் மகள் பரீட்சைக்கு உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். 14.2 கிலோ சிலிண்டருக்குள் கிட்டத்தட்ட 180 யூனிட் சூடு அடங்கியிருக்கிறதாம். அதில் என் தவம் எவ்வளவு என்று கேட்கத் துணிவு வரவில்லை.

இரண்டு மாதமாக இந்த வீட்டில் அடுப்பு சத்தம் போடவில்லை, போணி சத்தம் போடவில்லை, அவளும் போடவில்லை. போட்டவன் நான் ஒருவன்தான். கொள்கையை மாற்றி எழுதலாமென்று நோட்டை எடுத்தபோது, மொட்டைமாடியிலிருந்து அருவிபோல ஒரு சத்தம் கேட்டது.

"என்னங்க, மோட்டாரைப் போட்டீங்களே..."

நூறு வாட்டும் எரிய, படியேறி ஓடினேன்.