பிளஸ் டூ அப்பா

மகன் பதினொன்றாம் வகுப்பு முடித்த மறுநாள் இவர் அவதரிக்கிறார். அதுவரை வெறும் அப்பாதான். மாமனார் வீட்டுக் கல்யாணத்தில் விடிய விடிய சீட்டு ஆடியவர். இப்போதோ கல்யாணப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு, "பையன் பிளஸ் டூ" என்கிறார், வீட்டில் யாரோ கண்டத்தில் கிடப்பதைப் போல. வந்தவரும் குரலைத் தாழ்த்தி, "பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுக் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிடுகிறார்.

எதிர்வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆனால், எதிர்வீட்டுக்காரரைத்தான் தினமும் பார்க்கிறேன்.

டி.வி.மேல் பழைய வேட்டி போர்த்தியாகிவிட்டது. குக்கர் மூன்று விசிலுக்கு மேல் அடித்தால் அந்த அம்மாவிடம் விளக்கம் கேட்கப்படும். பையனுக்குக் காலையில் ஊறவைத்த பாதாம், மதியம் வல்லாரைத் துவையல். அவன் முகத்தைப் பார்த்தால் வல்லாரையைத் தவிர வேறெதுவும் ஞாபகத்தில் நிற்பதாகத் தெரியவில்லை. காலை நாலரைக்கு எழுப்பல். இந்த வயதில் உடம்பின் கடிகாரமே பின்தள்ளி ஓடுகிறது, ராத்திரி தூக்கம் வருவதே தாமதமாகத்தான் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "அந்தக் கடிகாரத்தைத்தான் சார் சரிபண்றோம்" என்றார்.

எல்லாம் 'றோம்'தான். "இன்டெக்ரேஷன் முடிச்சுட்டோம் சார். ஆர்கானிக்லதான் கொஞ்சம் வீக்கா இருக்கோம்." இவர் படித்தது பி.காம். கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200க்குப் போடும் கட்-ஆஃப் கணக்கை பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் போட்டுக்கொண்டே இருப்பார். ஒருமுறை டீ மாஸ்டர் பாக்கி எவ்வளவு என்று கேட்க, "196.5" என்று பதில் வந்தது. முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் அரசு நிறுத்தியதில் இவருக்கு இன்றுவரை மனத்தாங்கல். மகன் வாயில் லட்டு திணிக்கும் அப்பா படம் பேப்பரில் வர வழியில்லாமல் போயிற்றே!

இருந்தாலும், மகனைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் கிடையாது என்பதில்தான் இவருடைய பெருமை. மதிப்பெண் நோட்டில் மூன்று நிற மை. படிப்பு மேஜைக்கு மேலே கேமரா. மகன் எங்கே இருக்கிறான் என்று இவர் போனில் ஒரு நீலப்புள்ளி காட்டும். போன ஞாயிற்றுக்கிழமை அதை என் மூக்கருகே நீட்டினார். "பாருங்க, ட்யூஷன்ல மூணு மணி நேரமா புள்ளி அசையவே இல்ல. என்ன கான்சன்ட்ரேஷன்!"

புள்ளி அசையாது. போன் ட்யூஷனில், சிநேகிதன் பையில் இருந்தது. பையன் வைகை மணலில் ஆஃப் ஸ்பின் போட்டுக்கொண்டிருந்தான்.

எனக்குச் சொன்னது அவருடைய தாயார். அப்பத்தாவுக்கு எல்லாம் தெரியும். வேதியியல் மாதத் தேர்வில் 43 என்று தெரியும். அதில் அப்பா கையெழுத்தைப் போட்டது யார் என்றும் தெரியும். ராத்திரி படுத்தால் பேரனுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது என்பதும் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் எதையும் கேட்பதில்லை. திண்ணையில் உட்கார்ந்து மொச்சை உரிப்பாள். அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து நாலு காயை எடுப்பான். பத்தாவது காய்க்குள் பேச்சு வந்துவிடும். "சரி விடு ராசா, போய்ப் படு" என்பாள். அவ்வளவுதான் அவளுடைய கவுன்சலிங்.

ஸ்டாட்டின், கெர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஸ்வீடனில் பதினான்கு வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் விசாரித்து 2000இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பிள்ளையைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்திருப்பதில் பெரும்பகுதி, துருவிக் கேட்டோ கட்டுப்பாடு போட்டோ கறந்தது அல்ல, பிள்ளை தானாக வந்து சொன்னது என்று கண்டார்கள். இதற்கு ஸ்வீடன்வரை போயிருக்க வேண்டாம், எங்கள் தெருத் திண்ணையில் அரைக் கிலோ மொச்சை போதும்.

தகவல் களஞ்சியம் தன் தாயாரிடம் இருக்கிறது என்பது எப்படியோ இவருக்கும் எட்டிவிட்டது. மறுநாளே எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, தேதி, நேரம், விஷயம் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். "ஆத்தா, அவன் என்ன சொன்னாலும் இதுல எழுதி வையி."

அப்பத்தா மறுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து நோட்டை வாங்கிப் பிரித்தார். ஏழு நாள் பால் கணக்கு இருந்தது. அதன் கீழே, கோணல் எழுத்தில்: 'மொச்சை ஒரு கிலோ. பேரன் உரிச்சுக் குடுத்தான்.'