கேட்டால் சொல்ல மாட்டார், கேட்காவிட்டால் விட மாட்டார்

மெக்சிகோவின் வட எல்லை ஊரான திஹுவானாவில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெருவில் நடந்தால் மெஸ்கீட் கரியின் புகை மூக்கைத் துளைக்கும். அதைப் பிடித்துக்கொண்டே போனால் ஏதாவது ஒரு கொல்லையில் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். ஒரு கையில் இடுக்கி, மறு கையில் பீர், தொப்பைக்கு மேல் ஏப்ரன். இவர்தான் ரகசியக்காரர். வீட்டுக்கு ஒருவர் உண்டு. இல்லாத வீட்டுக்கு மைத்துனர் வீட்டிலிருந்து வந்து சேர்வார்.

வாரத்தில் ஆறு நாள் அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர். தண்ணீருக்கும் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பவர். 'கார்னே அசாதா' என்று கறி சுடும் விருந்துக்கு நாலு பேரைக் கூப்பிட்டுவிட்டாரோ, எல்லாமே அவர் பொறுப்பு. சனிக்கிழமையே இறைச்சிக் கடையில் போய் நிற்பார். மாட்டு விலாவை எலும்போடு குறுக்கே, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு அறுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் மூன்று எலும்பு வரிசையாக, சட்டைப் பித்தான் மாதிரி தெரிய வேண்டும். 'தப்லீதாஸ்', அதாவது குட்டிப் பலகைகள் என்று அதற்குப் பெயர். பித்தான் ஒன்று குறைந்தால் கடைக்காரருக்கு அன்றைக்கு நிம்மதி போச்சு.

மறுநாள் காலை மசாலா படலம். குவாஹியோ மிளகாய் நாலு, ஆன்ச்சோ மிளகாய் இரண்டு. காம்பைக் கிள்ளி, விதையை உதறி, நம் தோசைக்கல்லுக்கு ஒன்றுவிட்ட தம்பியான 'கொமால்' மேல் போட்டு வாட்டுவார். "அரை நிமிஷம்தான், கருகினா கசந்துடும்" என்று பாடம் நடத்திக்கொண்டே முதல் ஈட்டைக் கருக்குவார். வீடு மொத்தமும் இருமும். இரண்டாவது ஈடு வெந்நீரில் ஊறி மிக்ஸிக்குள் போகும். கூடவே பூண்டு ஆறு பல், சீரகம், ஓரேகானோ, இரண்டு ஆரஞ்சின் சாறு, மூன்று எலுமிச்சை, அரை பாட்டில் பீர். மீதி அரை பாட்டில் அரைத்தவருக்கு.

"ராத்திரியே ஊறப் போட்டிருக்கலாமே" என்பார் மனைவி. "எலுமிச்சை அவ்வளவு நேரம் இருந்தா கறி மேலே மாவு மாதிரி ஆயிடும். நாலு மணி நேரம் போதும்" என்பார் இவர். அது வாஸ்தவம்தான். சரியாகச் சொல்கிற விஷயத்தைத்தான் அவர் ரொம்பச் சத்தமாகவும் சொல்வார்.

இவ்வளவையும் யாரும் கேட்காமலே ஒப்பித்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்துவார்: "இன்னும் ஒண்ணு இருக்கு. அதை மட்டும் கேட்கக் கூடாது. பாட்டி சத்தியம் வாங்கியிருக்கா."

கேட்கக் கூடாது என்றால் கேள் என்று அர்த்தம். பழகியவர்களுக்கு இது தெரியும். "சொல்லுங்களேன்" என்று இரண்டு தரம் கெஞ்சுவார்கள். அவர் இரண்டு தரம் மறுப்பார். அப்புறம்தான் தட்டுக்குக் கறி வரும்.

அந்த ரகசியம் சமையலறைத் தொட்டிக்கு அடியில், சோப்புத்தூளுக்குப் பின்னால் ஒரு சின்னக் கறுப்புப் பாட்டிலில் ஒளிந்திருக்கிறது. மேகி. நமக்கு மேகி என்றால் நூடுல்ஸ். அங்கே அது உப்புக் கரிக்கும் கறுப்புச் சாறு. 1886-இல் சுவிட்சர்லாந்தில் ஜூலியஸ் மேகி விற்பனைக்குக் கொண்டுவந்த சரக்கு. பாட்டி சத்தியம் வாங்கிய குலரகசியம் தெருமுனைக் கடையில் விலை ஒட்டி அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கலவையில் எலுமிச்சை, ஆரஞ்சு, பூண்டு, சீரகம், ஏன் அந்த மாடே ஸ்பானியர்களோடு கப்பலேறி வந்ததுதான். மண்ணின் மைந்தன் மிளகாய். அது அங்கிருந்து கிளம்பி நம் சாம்பார் வரைக்கும் வந்துவிட்டது, யாரிடமும் சத்தியம் வாங்காமல்.

போன மாதம் அவருக்கு ஒரு சோதனை. புது மாப்பிள்ளை விருந்துக்கு வந்தான். சொனோரா மாநிலத்துப் பையன். கறிக்குக் கல்லுப்பு தவிர எதைத் தடவினாலும் மாட்டுக்கு அவமரியாதை என்று நினைக்கிறவர்கள் நிறைந்த ஊர். அன்றைக்குப் பார்த்துப் பாட்டில் காலி. கவிழ்த்துத் தட்டியதில் நாலு சொட்டு விழுந்தது. 'யாருக்குத் தெரியப் போகிறது' என்று விட்டுவிட்டார்.

தணல் மேல் பக்கத்துக்கு மூன்று நிமிஷம். ஓரம் முறுகிய பலகை மாப்பிள்ளை தட்டில் விழுந்தது.

"எப்படி மாப்பிள்ளை?"

"நல்லா இருக்கு மாமா."

அவ்வளவுதான். இரண்டாவது பலகை போனது. மூன்றாவதும் போனது. பையன் எலும்பைச் சப்பினானே தவிர வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்கவில்லை. "இதுல பன்னிரண்டு சாமான் இருக்கு" என்று தூண்டில் போட்டார். "ஓ" என்றான். "ஒண்ணு மட்டும் சொல்ல மாட்டேன்" என்றார். "சரி மாமா" என்றான். கரிச்சூட்டில் வியர்க்காத மனிதருக்கு இப்போது வியர்த்தது.

கடைசியில் மாப்பிள்ளை விரலைத் துடைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டான்: "மாமா, கொஞ்சம் உப்பு கிடைக்குமா?"

மாமியார் கையிலிருந்த சல்சாக் கிண்ணத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். மகள் கணவன் காலை மிதித்தாள்.

ரகசியக்காரர் முகமோ விசிறிய தணல் மாதிரி பளிச்சென்று ஆனது. "பார்த்தீங்களா! பார்த்தீங்களா!" என்று இடுக்கியை உயர்த்திக் கூவினார். "அந்த ஒண்ணு இல்லேன்னா எப்படித் தெரியுது பாருங்க!"

"எந்த ஒண்ணு மாமா?" என்றான் மாப்பிள்ளை.

அவர் இடுக்கியைத் தாழ்த்தினார். குரலையும் தாழ்த்தினார்.

"அதை மட்டும் கேட்கக் கூடாது."