கோட்டைச் சந்தா

வே மருமவனே, ஊருல இருந்த வரைக்கும் கிருஷ்ணாபுரத்துச் சிலையை ஒருக்கா எட்டிப் பாக்கல. பர்மிங்காம் போனதும் உமக்கு வரலாறு பொங்குது. பழைய கோட்டை, வீடுகளைப் பாக்க நேஷனல் டிரஸ்டா, இங்கிலீஷ் ஹெரிடேஜா, எதுக்கு வருசச் சந்தா கட்டி அட்டை வாங்கன்னு மாமாகிட்ட யோசனை வேற. சரி, கேளும்.

அதுல ஐந்நூறு எடம், இதுல நானூறு எடம்னு எண்ணிக்கிட்டு இருக்காதேயும். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு எந்திரிச்சு, பிள்ளைகளுக்குச் சாக்ஸ் தேடி, மத்தியானம் வண்டி எடுக்க ஆளு நீரு. நாலு கவுண்டி தாண்டியா போவப் போறீரு? வீட்டுலருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள என்ன இருக்குன்னு மட்டும் பாரும். ஸ்டோன்ஹெஞ்சுக்குன்னு கவலைப்படாண்டாம். கல்லு ஹெரிடேஜ் பொறுப்புல இருக்கு, சுத்துன நிலத்துல நெறைய டிரஸ்டுக்கு. எந்த அட்டையைக் காட்டினாலும் உள்ள விடுவான்.

ஹெரிடேஜுன்னா பெரும்பாலும் கூரை போன மொட்டைச் சுவரு. உமக்குப் பக்கத்துல கெனில்வொர்த் கோட்டை. 1575ல முதலாம் எலிசபெத் ராணி 19 நாளு அங்க விருந்தாளியா டேரா போட்டா. மாமியா வீட்டு விருந்துகூட அவ்வளவு நாளு தாங்காது வே. பிள்ளைக ஏறி எறங்கி ஓடிக் கத்த அருமையான எடம். அதுல ஒரு பெரிய ஆளு அட்டைக்கு ஆறு பிள்ளைக வரைக்கும் சும்மா போவலாம். உமக்கு இருக்கது ரெண்டு. மிச்ச நாலு எடம் காலியா கெடக்குன்னு எங்க அக்கா காதுல போட்டிராதேயும், நாளைக்கே போன் பண்ணுவா. இன்னொண்ணு, அவன் கையில இருக்க எடத்துல பாதிக்கு மேல டிக்கெட்டே கெடையாது. சும்மா கெடக்கத பாக்க அட்டை எதுக்கு?

டிரஸ்டு கதை வேற. ஒக்டேவியா ஹில்லுன்னு ஒரு அம்மாவும் ரெண்டு ஆம்பிளைகளும் சேந்து 1895ல ஆரம்பிச்சது. மறு வருசம் ஆல்ஃப்ரிஸ்டன்ல ஒரு பழைய பாதிரியார் வீட்டை 10 பவுண்டுக்கு முடிச்சாவ. இன்னைக்கு அந்தக் காசுக்கு உங்க குடும்பம் டீ குடிக்க முடியாது! முயல் கதை எழுதுன பியாட்ரிக்ஸ் பாட்டர் 1943ல சாவும்போது 4,000 ஏக்கருக்கு மேல டிரஸ்டுக்கு எழுதி வச்சிட்டுப் போனா. சும்மா இல்ல, மலையில ஹெர்ட்விக் ஆடுதான் மேயணும்னு சொல்லிட்டுல்லா போனா. பொம்பள வெவரம்.

அவன் வீட்டுக்குள்ள போனீர்னா அறைக்கு ஒரு பெரியவரு சம்பளம் இல்லாம உக்காந்து கதை சொல்லுவாரு. காலு வலிக்கேன்னு பழைய நாற்காலில சாஞ்சிராதேயும். உக்காரக் கூடாதுன்னு எழுதிப் போட வெக்கப்பட்டு, பைன் காயையோ முள்ளுப் பூவையோ மேல வச்சிருப்பான்.

அப்புறம் மலை, காடு, கடற்கரை. இதுக்கெல்லாம் கதவும் கெடையாது, டிக்கெட்டும் கெடையாது. கிளென்ட் குன்றுல அட்டை இல்லாமலே நாள் பூரா நடக்கலாம். காசு பிடுங்கது காரு நிறுத்துத எடத்துல! அட்டைக்காரனுக்கு அது இலவசம். நீரு தெருமுனைக் கடைக்கே காருல போற ஆளு, கணக்குப் போட்டுக்கிடும்.

ஒரு கள்ள வழியும் உண்டு. ஸ்காட்லாந்துக்கு 1931லருந்து தனி டிரஸ்டு. அவன் அட்டை இங்கிலாந்து டிரஸ்டு வீடுகள்லயும் செல்லும், ஸ்டோன்ஹெஞ்சுல மட்டும் செல்லாது. ரெண்டு சந்தாவையும் ஒத்துப் பாத்து எது மலிவோ அதைக் கட்டும். நான் சொன்னேன்னு சொல்லாண்டாம். எதைக் கட்டினாலும், டைரக்ட் டெபிட் குடுத்திருந்தா அடுத்த வருசம் பேங்குலருந்து தானா உருவிக்கிடுவான், தேதியைக் குறிச்சு வையும்.

என்னைக் கேட்டா டிரஸ்டுதான். எம் மவளுக்குத் தோட்டம், உமக்கு பார்க்கிங். கெனில்வொர்த்துக்கு ஒருக்கா டிக்கெட் எடுத்துப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போனாப் போதும்.

இதுல எனக்கு ஒரு லாபமும் இல்லைன்னு சொல்ல மாட்டேன். வேல்ஸ்ல போவிஸ் கோட்டை டிரஸ்டோடது. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த 1799ல மதராஸ் கவர்னரா இருந்தவன் கிளைவ் மகன் எட்வர்டு. அந்தக் குடும்பத்துக் கோட்டையிலதான் திப்பு சுல்தானோட கூடாரமும், அவரு சிம்மாசனத்துத் தங்கப் புலித்தலை ஒண்ணும் இருக்கு. நம்ம பக்கத்துச் சாமானைப் பாக்க நாமளே காசு கட்டணும், அதுதான் அவன் சாமர்த்தியம். ஜூன் மாசம் நான் வாறேன். அட்டை உங்க ரெண்டு பேருக்குத்தான், எனக்குத் தனியா டிக்கெட் எடுத்து வையும் வே.