டீன்ஸ்டன் தாசர்

ஸ்காட்லாந்தில் எந்த மதுக்கூடத்துக்குப் போனாலும் மூலை மேசையில் இவர் ஒருவர் இருப்பார். பக்கத்து மேசையில் யாராவது மக்கலன், கிளென்ஃபிடிக் என்று விஸ்கிப் பெயர்களைச் சொல்லி உருகினால், "ம்… விளம்பரம்" என்று உதட்டைப் பிதுக்குவார். தூண்டில் போட்டாயிற்று. "அப்படின்னா எதுதான் நல்லது?" என்று கேட்பவருக்கு அன்றைய சாயங்காலம் அதோடு முடிந்தது.

புகழ் வாய்க்காத ஒரு வடிசாலையைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டு, உலகம் அதை மதிக்கவில்லையே என்று நொந்துகொள்வதுதான் இவருடைய முழுநேர வேலை. இந்த ஜாதியில் பென்ரினஸ் கட்சி, கிளென்கேடம் கட்சி என்று பல பிரிவுகள். நம்மவர் டீன்ஸ்டன் கட்சி. தாசர் என்றே வைத்துக்கொள்வோம்.

டீன்ஸ்டனின் தலபுராணம் 1785-இல் தொடங்கும். ஸ்டர்லிங் நகரத்துக்குப் பக்கத்தில், டீத் ஆற்றங்கரையில் எழுந்த பஞ்சாலை அது. தன் முத்திரை குத்திய நாணயத்தையே ஊருக்குள் புழங்கவிட்ட ஆலை. 1965-இல் அது மூடிய பிறகு, உள்ளே செம்புக் கொதிகலன்களை இறக்கி விஸ்கி வடிக்க ஆரம்பித்தார்கள். அன்று ஆலைச் சக்கரத்தைச் சுழற்றிய ஆறு இன்று டர்பைனைச் சுழற்றுகிறது. வடிசாலைக்கு வேண்டியது போக மிச்ச மின்சாரத்தை விற்கிறார்கள். தாசர் இதைச் சொல்லும்போது, மின்சாரம் விற்ற பணம் தன் கணக்கில் விழுவதுபோல் முகம் மலரும்.

அடுத்து தறிக்கூடம். 1836-இல் கட்டிய வளைவுக் கூரை. உள்ளே ஈரப்பதம் குறையாது. குறைந்தால் நூல் அறும். இப்போது அங்கே பீப்பாய்கள் உறங்குகின்றன. "நெசவாளிக்கு வேண்டியிருந்த ஈரம், விஸ்கிக்கும் பிடித்துப்போச்சு" என்பார். பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிவிடும். அதைத் தேவதைகளின் பங்கு என்று ஸ்காட்லாந்துக்காரர்கள் சொல்கிறார்கள். அந்தப் பெயரிலேயே 2012-இல் கென் லோச் எடுத்த படத்தில் டீன்ஸ்டனும் வருகிறது. "படத்தைப் பார்க்காத ஆள் இல்லை. வடிசாலையின் பெயரைக் கேட்டுப் பாருங்கள், ஒருத்தருக்கும் தெரியாது!" தேவதைகள்மீதே வழக்குப் போடுகிறவர் குரல் அது.

ஏன் இந்தப் புறக்கணிப்பு? கூம்புக் கோபுரமும் வெள்ளைச் சுவரும் இருந்தால்தான் வடிசாலை வாழ்த்து அட்டையில் ஏறும். டீன்ஸ்டனைத் தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டாம் ஷிஃப்ட் சங்கு ஊதப்போகிறது என்றே தோன்றும். சரக்கில் பெரும்பகுதி கலப்பு விஸ்கிகளில் பேரில்லாமல் கரைந்தது. 1982-இல் கதவையே சாத்தினார்கள். 1990-இல் பர்ன் ஸ்டூவர்ட் நிறுவனம் வாங்கிய பிறகுதான் மறுபடி அடுப்பு எரிந்தது. அந்த இடைவெளியைப் பற்றிப் பேசும்போது தாசர் ஒரு மிடறு கூடுதலாகக் குடிப்பார்.

சுவையைப் பொறுத்தவரை தாசர் பொய் சொல்வதில்லை. கரிப்புகை கிடையாது. தேன், மெழுகு, முளைகட்டிய பார்லியின் வாசம். 46.3 சதவீத ஆல்கஹால், செயற்கை நிறம் இல்லை. பல நிறுவனங்கள் விஸ்கியைக் குளிரவைத்து, அதன் எண்ணெய்ப்பசையை வடிகட்டி எறிந்துவிடும். பனிக்கட்டி போட்டாலும் கலங்கக் கூடாதாம். இங்கே அந்த வேலை இல்லை. ஆகவே யாராவது பனிக்கட்டியைப் போட்டு, "என்ன சார், கலங்குது?" என்று பதறினால், தாசர் கண்ணில் நீர் தளும்பும். "பார்த்தீங்களா, கலங்குது!"

சிக்கல் எங்கே வரும் என்றால், கேட்டவர் குடித்துப் பார்த்து, "அட, பிரமாதமா இருக்கே! எங்கே கிடைக்கும்?" என்று கேட்கும்போது. உடனே தாசருக்கு முகம் தொங்கிவிடும். "கிடைக்கும்… ஆனா பழைய சரக்கு மாதிரி வராது. நீங்க பேசாம மக்கலனே வாங்கிடுங்க. நல்ல விஸ்கி." அரை மணி முன்பு விளம்பரம் என்று தள்ளிய அதே மக்கலன்!

அவர் பயத்துக்குக் காரணம் உண்டு. கேம்பெல்டவுன் ஊரின் ஸ்பிரிங்பேங்க் விஸ்கி ஒரு காலத்தில் கடை அலமாரியில் கேட்பாரற்று நின்றது. இன்று பல கடைகளில் குலுக்கலில் பேர் விழுந்தால்தான் பாட்டில். ஊர் மதிக்காதவரை விலை ஏறாது. நீதி கேட்டுப் போராடுகிறவர், தீர்ப்பு சாதகமாக வந்துவிடுமோ என்று நடுங்குவதை இவரிடம்தான் பார்க்கலாம்.

ஆகவே தாசருக்கு உகந்த சீடர் ஒருவர்தான். ஆரஞ்சுச் சாற்றோடு எதிரே வந்து உட்கார்ந்து, "நான் இதெல்லாம் தொடுறதில்லை" என்பவர். தாசர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"ரொம்ப நல்ல பழக்கம். டீன்ஸ்டன்னு ஒண்ணு இருக்கு, கேளுங்க…"