நாடா வேக இயல்: எஸ்.பி.யிலிருந்து இ.பி.க்கு மாறுதல் குறித்த சிற்றாய்வு

வி.எச்.எஸ். கேசட்டில் பதிவு வேகம் என்பது நாடா ஒரு நொடியில் நகரும் தூரம். அமெரிக்க வீடுகளின் என்.டி.எஸ்.சி. தொலைக்காட்சி முறைக் கருவிகளில் அது மூவகைப்படும்: எஸ்.பி. (33.35 மி.மீ.), எல்.பி. (16.67 மி.மீ.), இ.பி. (11.12 மி.மீ.). டி-120 கேசட் முதல் வேகத்தில் 2 மணி நேரமும், இரண்டாவதில் 4 மணி நேரமும், மூன்றாவதில் 6 மணி நேரமும் ஓடும். இதுவரை கணக்கு. இதற்குமேல் வருவதெல்லாம் மனித சுபாவம்.

1976இல் ஜே.வி.சி. நிறுவனம் ஜப்பானில் இம்முறையை வெளியிட்டபோது வேகம் ஒன்றே. ஆகவே வீட்டில் சச்சரவும் இல்லை. மறு ஆண்டு அமெரிக்காவில் விற்க முன்வந்த ஆர்.சி.ஏ., தங்கள் ஊர்க் கால்பந்தாட்டம் 2 மணி நேரத்தில் அடங்காது என்று சொல்லி 4 மணி நேரம் கேட்டது. ஜே.வி.சி.யின் தாய் நிறுவனமான மட்சுஷிதா நாடாவைப் பாதி வேகத்தில் ஓட்டிக் கொடுத்தது. படம் கெடும் என்று ஜே.வி.சி. முகம் சுளித்தும் பயனில்லை. பந்து நகரும் நேரத்தைவிட நிற்கும் நேரம் மிகுந்த ஓர் ஆட்டமே எல்.பி.க்குத் தாய் என்க. இ.பி. சிறிது பின்னே பிறந்த கடைக்குட்டி.

வேகம் மூன்றில் ஒன்றானால் படமும் மூன்றில் ஒன்றாகத் தேயுமோ எனின், தேயாது. படத்தை எழுதும் தலைகள் நிமிடத்துக்கு 1800 முறை சுழலும் உருளையில் இருக்கின்றன. நாடா ஊர்ந்தாலும் தலை பறந்துகொண்டுதான் இருக்கும். குறைவது தடத்தின் அகலம். எஸ்.பி.யில் 58 மைக்ரான் அகலமுள்ள தடம் இ.பி.யில் 19 மைக்ரான் ஆகிறது. மயிர் பிளக்கும் வாதம் என்று பிற துறைகளில் பழிக்கப்படுவது இங்கே நேரடி அளவை. தடம் ஒடுங்க ஒடுங்கப் படத்தில் புள்ளிகள் மொய்க்கும். சிவப்புச் சேலை தன் கரையைத் தாண்டி வழியும். நாடாவின் ஓரத்தில் பதியும் சாதாரண ஒலிதான் வேகக் குறைவால் நேரடியாக அடிபட்டு, கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகும். ஹை-ஃபை ஒலியைச் சுழலும் தலைகளே எழுதுவதால் அதற்கு இந்தக் கேடு இல்லை.

வேகத்தை மாற்றுவது எளிது. ரிமோட்டில் 'ஸ்பீடு' பொத்தானை அழுத்தினால் கருவியின் முகப்பில் எஸ்.பி. என்ற எழுத்து அணைந்து இ.பி. எரியும். எப்போது அழுத்துவது என்பதே இவ்வியலின் உயிர்நாடி. டி-120 கேசட்டில் 3 மணி நேரப் படத்தை அடக்க வேண்டும், முழுவதையும் இ.பி.யில் பதிய மனம் வரவில்லை. அதற்கு விதி: 2 மணி நேரத்துக்கு மேல் மிஞ்சும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒன்றரை நிமிடம் இ.பி.யில் ஓட வேண்டும். மிச்சம் 60 நிமிடம். ஆகவே 90 நிமிடம் இ.பி., 90 நிமிடம் எஸ்.பி. 4 மணி நேரமாயின் 180 நிமிடம் இ.பி., 60 நிமிடம் எஸ்.பி.

இதில் எது முந்த வேண்டும் என்பதில் இரு மதங்கள் உள. எஸ்.பி.யை முன்வைப்போர் பெரும்பான்மையர். தொடக்கத்திலேயே நல்ல படம் பார்த்துத் திருப்தி அடைவர். இரவு 9 மணிக்குத் தொடங்கிய படத்துக்கு இவர்கள் சரியாகப் பத்தரைக்கு எழுந்து பொத்தானை அழுத்த வேண்டும். கண் அயர்ந்தால் 11 மணியளவில் நாடா தீரும். கொலைகாரன் யாரென்று ஒருநாளும் தெரியாது. இ.பி.யை முன்வைப்போர் தூங்கினாலும் கெட்டுப்போவது படத்தின் தெளிவு மட்டுமே, கதை முழுதும் கிட்டும். விழித்துவிட்டாலோ உச்சக்காட்சி எஸ்.பி.யில் துலங்கும். ஆகவே பின்னவர் கொள்கையே வலிது. பிற்காலக் கருவிகள் சில, நேரம் குறித்துவைத்த பதிவில் மிச்ச நாடாவை அளந்து தாமாகவே வேகம் மாறி, இம்மதப் பூசலுக்கு முற்றுப்புள்ளி வைத்தன.

மூன்றாவது கட்சியும் உண்டு: பொத்தான் இருப்பதையே அறியாதோர். யாரோ எப்போதோ இ.பி.யில் விட்டுப்போன கருவியில் இவர்கள் மகளின் திருமணத்தைப் பதிந்துவைப்பர். காலி நாடா மிஞ்சியது கண்டு மகிழ்வர்.

இந்தியா, இலங்கை முதலிய பால் (PAL) தொலைக்காட்சி முறை நாடுகளில் இந்தச் சிக்கல் இவ்வளவு முற்றவில்லை. அங்கே எஸ்.பி.யே நொடிக்கு 23.39 மி.மீ. மட்டும், இ-180 கேசட்டில் 3 மணி நேரம் கொள்ளும். பாட்டு, சண்டை, தங்கச்சி கல்யாணம் எல்லாம் சேர்த்தும் ஒரு தமிழ்ப் படம் பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும். மேலும், டெக்கை வாடகைக்கு எடுத்தவர்கள் விடியும்வரை போட்டுப் பார்த்தார்களே தவிர, பதிவதில் மெனக்கெடவில்லை.

போட்டுப் பார்க்கும்போது வேகத்தைத் தேர வேண்டியதில்லை. நாடாவின் ஓரத்திலுள்ள கட்டுப்பாட்டுத் துடிப்புகளின் இடைவெளியைப் பார்த்துக் கருவியே கண்டுகொள்ளும். ஒரே கேசட்டில் எஸ்.பி. முடிந்து இ.பி. தொடங்கும் இடத்தில் மட்டும் சற்றுத் தடுமாறும்: படம் கிழியும், ஒலியை அடக்கும் வசதி இல்லாத கருவியில், கம்பீரமாகப் பேசிக்கொண்டிருந்த நாயகன் கணநேரம் மும்மடங்கு வேகத்தில் கீச்சிடுவான்.

பழைய இ.பி. கேசட்டுகளைக் கணினிக்கு மாற்ற நினைப்போர், பதிந்த அதே கருவி பரணில் இருந்தால் முதலில் அதைத் தூசி தட்டிப் பார்க்கவும். 19 மைக்ரான் தடத்தில் மற்றொரு கருவியின் தலை பிசகாமல் பொருந்துவது அரிது. பொருந்தாவிட்டால் டிராக்கிங் குமிழைத் திருகித் திருகிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.